கூர்மையும் தரமும்: சமையற் கத்தியின் வரலாறு



வீட்டுக்கு ஒரு சமையற் கத்தி வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போகிறோம். கடைக்காரர் நான்கைந்து கத்திகளை எடுத்து மேசைமேல் பரப்புகிறார். ஒன்றின் விலை பத்து வெள்ளி. இன்னொன்றின் விலை நூறு வெள்ளி. பார்வைக்கு எல்லாமே பளபளக்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? பெருவிரலைக் கத்தியின் வாயில் பட்டும் படாமலும் வைத்துப் பார்க்கிறோம். "நல்ல கூர்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மூன்று மாதம் கழித்து அதே கத்தி தக்காளியின் தோலை அறுக்க மாட்டாமல் நசுக்கும்போதுதான், ஏமாந்து விட்டோமோ என்ற எண்ணம் பிறக்கிறது.

பெருவிரல் பொய் சொல்லவில்லை. வாங்கிய அன்று கத்தி கூராகத்தான் இருந்தது. ஆனால் கூர்மை வேறு, தரம் வேறு. கூர்மை என்பது இன்றைய நிலை. தரம் என்பது அந்தக் கூர்மை எத்தனை நாள் நிற்கும், மழுங்கினால் திரும்ப வருமா, கத்தி உடையாமலும் துருவேறாமலும் இருக்குமா என்பதைப் பற்றியது. விளிம்பைத் தொட்டுப் பார்த்து முன்னதை அறியலாம். பின்னதை எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு விடை தேடி மனிதர் நடந்த நெடுவழியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் முன்னோருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்த்தெடுக்கும். கை தவறி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம்படும். அந்த இடத்தில் புதிய பட்டை சீராக வளராது. அதனால் கத்தி தீட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. எந்தக் கத்தி அடிக்கடி தீட்டச் சொல்லும், எது நெடுநேரம் தாங்கும் என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது.

முதலில் கூர்மை என்றால் என்னவென்று பார்ப்போம். கத்தியின் இரு பக்கங்களும் வந்து கூடுகிற விளிம்பே அதன் வாய். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு, ஒரு மயிரிழையின் கனத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். நாம் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்த நுண்ணிய கோட்டில் குவிவதால் பொருள் பிளக்கிறது. விளிம்பை மேலும் மெல்லியதாக்கினால் கூர் கூடும். ஆனால் மெல்லிய விளிம்பு எளிதில் வளையும் அல்லது சில்லுச் சில்லாய் உதிரும். வளையாமலிருக்க எஃகு கடினமாக இருக்கவேண்டும். கடினம் மிகுந்தால் எஃகு கண்ணாடிபோல் உடையும். உடையாமலிருக்க அதற்கு உறுதி வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். இந்த இழுபறியை ஒரு நடுநிலைக்குக் கொண்டுவருவதே கத்தி செய்பவரின் தொழில் நுட்பம். விலைக்கு வாங்குபவரின் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததை நம்ப வேண்டுமானால், வாக்குக் கொடுக்க ஒருவர் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் கத்தியில் அடிக்கும் முத்திரை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர்பெற்ற ஊர். மலைச்சரிவிலிருந்து வேகமாக இறங்கும் ஆறுகள் சாணைக் கற்களைச் சுழற்றின. சாணைக்கேற்ற கல்லும் அந்த வட்டாரத்திலேயே கிடைத்தது. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞர் சாசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளில், ஒரு மாவாலைக்காரன் ஷெஃபீல்டுக் கத்தியைக் காலுறையில் செருகிவைத்திருக்கிறான். அந்தக் காலத்திலேயே ஊர்ப் பெயர் கத்தியின் பெயராகிவிட்டது என்பதற்கு இது சான்று. 1624-ஆம் ஆண்டில் ஆங்கில நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. தொழில் பழகி முடித்தவருக்கு ஒரு முத்திரை வழங்கப்படும்; அவர் செய்த கத்தியில் அதுதான் பொறிக்கப்படும். மட்டமான கத்தி செய்தால் யார் செய்தது என்பது முத்திரையிலேயே தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் வுப்பர் ஆற்றங்கரையிலுள்ள சோலிங்கன் நகரிலும் இதே முறைதான். இடைக்காலத்தில் வாளுக்குப் பெயர்பெற்றிருந்த அந்த ஊர் பிறகு கத்திக்கும் பெயர்பெற்றது. 1731-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பீட்டர் ஹென்கல்ஸ் என்பவர் இரட்டையர் உருவத்தைத் தம் முத்திரையாகச் சோலிங்கன் கத்திக் கொல்லர் சங்கத்தில் பதிவு செய்தார். இன்றும் அந்த இரட்டையர் சின்னத்தைக் கடைகளில் காணலாம். ஜப்பானில் சக்காய் நகரத்துக் கொல்லர்கள் புகையிலை நறுக்கும் கத்திகளைச் செய்து புகழ்பெற்றபோது, எடோ காலத்து அரசு அவற்றுக்குத் தன் முத்திரையையே அளித்தது. நாடுகள் வேறானாலும் நடந்தது ஒன்றுதான். வாங்குபவர் கத்தியை அளக்கவில்லை, முத்திரையை நம்பினார்.

ஆனால் முத்திரை அடித்த கொல்லரும் தம் எஃகை முழுமையாக அறிந்திருந்தாரா? இல்லை என்றே சொல்லவேண்டும். அக்காலத்து ஐரோப்பாவில் இரும்புப் பாளங்களைக் கரித்தூளில் புதைத்து, பல நாள் சூடேற்றி எஃகாக்கினார்கள். கரி வெளியிலிருந்து உள்ளே மெல்ல ஊறும். எனவே மேற்பரப்பில் கரி மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும். அத்தகைய எஃகில் செய்த கத்தி ஓரிடத்தில் கூராக நிற்கும். ஓர் அங்குலம் தள்ளி மழுங்கிப்போகும்.

இந்தக் குறை ஒரு கடிகாரக்காரரின் பொறுமையைச் சோதித்தது. அவர் பெயர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன். கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்காமல் தவித்த அவர், 1740-ஆம் ஆண்டளவில் ஷெஃபீல்டுக்கு அருகே குடிபெயர்ந்து சோதனைகள் செய்தார். எஃகை மூசை எனப்படும் களிமண் கலத்திலிட்டு முழுவதும் உருகவைத்து வார்த்தார். உருகிய நிலையில் கரி எங்கும் சமமாகக் கலந்தது. ஆனால் உள்ளூர்க் கத்திக் கொல்லர்கள், அது மிகக் கடினமாக இருக்கிறது, வேலை செய்ய முடியாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஹன்ட்ஸ்மன் தம் எஃகைப் பிரெஞ்சுக்காரருக்கு விற்கத் தொடங்கினார் என்றும், அந்த எஃகில் செய்த பிரெஞ்சுக் கத்திகள் சந்தையில் போட்டியாக வந்த பிறகே ஷெஃபீல்டு விழித்துக்கொண்டது என்றும் சொல்லப்படுகிறது.

மூசையில் எஃகு செய்யும் முறை இங்கிலாந்துக்குத்தான் புதிது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது மிகப் பழைய தொழில். இரும்புத் துண்டுகளோடு மரக்கட்டையும் இலைதழையும் சேர்த்து மூசையிலிட்டு, வாயை மண்ணால் மூடி, உலையில் வைத்து ஊதுவார்கள். தமிழகத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் பண்டைய இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் வெளிப்பட்டன. அந்த எஃகை ஐரோப்பியர் "வூட்ஸ்" என்று அழைத்தனர். கன்னடத்தில் "உக்கு" என்றும் தமிழில் "உருக்கு" என்றும் வழங்கும் சொல்லின் திரிபே அது என்பது அறிஞர் கருத்து.

1790-களில் பம்பாயிலிருந்து இந்த வூட்ஸ் எஃகு லண்டன் அறிவியல் கழகத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் கத்தி செய்து பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். மருத்துவருக்கான அறுவைக் கத்திகளைச் செய்த லண்டன் தொழிலாளர் அவர். பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகே மேல் என்று தம் கடை விளம்பர அட்டையிலேயே அவர் அச்சிட்டிருந்தார். நேயர்களே, இங்கே ஒரு திருப்பத்தைக் கவனியுங்கள். ஊர்ப் பெயரை நம்பாமல், இரண்டு எஃகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து முடிவுக்கு வந்தவர் இவர்.

பின்னர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அந்த எஃகின் இரகசியத்தை ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர். மின்சார ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேதான். அவரும் ஒரு கொல்லரின் மகன். வூட்ஸின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினியமே காரணம் என்று அவர் முதலில் எண்ணினார். அது சரியன்று. ஆனால் அந்த எண்ணத்தைப் பின்பற்றி, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் முதலிய உலோகங்களைக் கலந்து இருவரும் செய்த சோதனைகள் 1820-ஆம் ஆண்டிலும் 1822-ஆம் ஆண்டிலும் கட்டுரைகளாக வெளிவந்தன. கலப்பு எஃகு ஆராய்ச்சியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. 1823-இல் ஸ்டோடார்ட் மறைந்ததும் அம்முயற்சி நின்றது.

எஃகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குக் கூர் வைப்பது சாணைக்கல்தான். அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஷெஃபீல்டின் சாணைக்காரர்கள் நாள் முழுவதும் சுழலும் கல்லின்மேல் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். கல்தூளும் இரும்புத்தூளும் அவர்கள் நுரையீரலில் படிந்தன. தண்ணீர் ஊற்றிச் சாணை பிடித்தவர்கள் 45 வயதைத் தாண்டுவதும், தண்ணீரின்றிப் பிடித்தவர்கள் 35 வயதைத் தாண்டுவதும் அரிது என்று 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகர மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். இருமலோடு உயிர்விட்ட அந்த மனிதர்களின் பெயர் எந்தக் கத்தியிலும் இல்லை. முதலாளியின் முத்திரைதான் இருந்தது.

அந்த முத்திரைக்கே பின்னர் ஒரு சோதனை வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு என்ற பெயர் உலகெங்கும் விலைபோயிற்று. விலைபோகும் பெயருக்குப் போலி தோன்றாமலிருக்குமா? சோலிங்கனில் செய்த மலிவான கத்திகள் சிலவற்றில் ஷெஃபீல்டின் பெயரையே பொறித்து விற்றார்கள். அக்காலத்து ஜெர்மன் பொருள்களின் மதிப்பும் தாழ்ந்திருந்தது. 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகப் பொருட்காட்சியைப் பார்க்கச் சென்ற ஃபிரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மன் பொறியியல் பேராசிரியரே, தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, மட்டமானவை என்று வெளிப்படையாக எழுதினார். அது அந்நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

ஷெஃபீல்டுக்காரர்கள் அரசிடம் முறையிட்டார்கள். 1887-ஆம் ஆண்டு பிரிட்டன் வணிகச் சின்னச் சட்டத்தை இயற்றியது. பிரிட்டிஷ் பெயரோ சின்னமோ தாங்கிவரும் அயல்நாட்டுப் பொருள், தான் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் காட்டவேண்டும் என்பது அதன் விதி. "ஜெர்மனியில் செய்தது" என்ற சொற்கள் இப்படித்தான் பரவின. வாங்குபவரை எச்சரிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

நடந்ததோ வேறு. தாழ்த்தப் போட்ட குறி கண்ணில் படும்படி இருந்ததால், ஜெர்மன் தொழிலாளர் தம் பொருளின் தரத்தை உயர்த்தியபோது அந்த உயர்வும் எல்லார் கண்ணிலும் பட்டது. மக்கள் அந்தக் குறியைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1896-ஆம் ஆண்டில், ஜெர்மன் பொருள்கள் பிரிட்டிஷ் வீடுகளையெல்லாம் நிறைத்துவிட்டன என்று எச்சரிக்கும் நூல் ஒன்றே லண்டனில் வெளிவந்தது. 1938-ஆம் ஆண்டில் சோலிங்கன் என்ற பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. ஒருகாலத்தில் மற்றோர் ஊரின் பெயரைத் திருடியதாகப் பழிசுமந்த ஊர், தன் பெயரைப் பிறர் திருடாமல் காக்கச் சட்டம் கேட்கும் நிலைக்கு உயர்ந்தது. பொன் கத்தி என்று கழுத்தை அறுத்துக்கொள்ள முடியுமா என்பார்கள். பெயர் பொன்னானாலும், பொருள் நல்லதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

இந்நிலையில் கத்தியின் உலகத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு ஒன்று வந்தது. பழைய எஃகுக் கத்தி வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும். எலுமிச்சை அறுத்துத் துடைக்காமல் வைத்தால் துருவேறும். வசதியுள்ள ஆங்கில வீடுகளில் கத்தியைப் பொடிபோட்டுத் தேய்ப்பதற்கென்றே வேலைக்காரர் இருந்தனர். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குச் சற்று மேல் குரோமியம் சேர்ந்த ஓர் எஃகு, புளிப்பான நீர்மங்களால் அரிக்கப்படாமல் இருப்பதைக் கண்டார். இது துப்பாக்கியைவிடக் கத்திக்கே பொருத்தம் என்று அவருக்குப் பட்டது. குரோமியம் கலந்தால் எஃகு அமிலத்தைத் தாங்கும், கத்திக்கு உதவும் என்று 1821-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பியர் பெர்த்தியே சொல்லியிருந்தார். ஆனால் கத்திக்கேற்ற எஃகாக அதை ஆக்க அக்காலத்தில் வழியில்லை.

பிரியர்லியின் எஃகைக் கத்திக் கொல்லர்கள் எப்படி வரவேற்றார்கள்? ஹன்ட்ஸ்மனுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. பழைய எஃகைப் பதப்படுத்த ஏறத்தாழ 800 பாகை வெப்பம் போதும். புதிய எஃகுக்கோ ஏறத்தாழ 1000 பாகை வேண்டும். பழைய வழக்கப்படியே பதப்படுத்தியவர்களுக்குக் கத்தி சரியாக அமையவில்லை. "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவரைக் கேலி செய்தார்கள். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் மேலாளர் ஒருவர் மட்டும் அந்த எஃகைக் காடியில் போட்டுப் பார்த்து, கறை படியாததைக் கண்டு வியந்தார். "கறைபடியா எஃகு" என்ற ஆங்கிலப் பெயரும் அவரிடமிருந்தே பிறந்தது. தோல்விகளுக்குப் பிறகு பிரியர்லியும் உடனிருந்து வெப்பத்தைச் சரிசெய்த பின்னரே நல்ல கத்தி கிடைத்தது. இன்று நாம் எவர்சில்வர் என்று சொல்லும் கத்தியின் கதை இதுதான்.

ஆயினும் கேலியில் ஓரளவு உண்மை இருந்தது. துருவேறாமை ஒரு தரம். கூர் நிற்பது மற்றொரு தரம். ஒன்று இருப்பதால் மற்றொன்று இருந்துவிடாது. அப்படியானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டுமல்லவா?

ஜப்பானில் காந்த எஃகு ஆராய்ச்சியால் புகழ்பெற்ற கோத்தாரோ ஹோண்டா 1920-களில் இதற்கு ஒரு பொறியை அமைத்தார். கத்தியின் வாய் மேல்நோக்கி இருக்க, அடுக்கிய காகிதத்தை எடையோடு அதன்மேல் வைத்து நகர்த்தி, எத்தனை தாள் அறுபடுகிறது என்று எண்ணும் முறை அது. ஷெஃபீல்டில் 1952-ஆம் ஆண்டு கத்தித் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டு, அங்கும் இத்தகைய பொறி உருவாயிற்று. பின்னர் 2004-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற அனைத்துலகத் தரவிதி வந்தது. அதன்படி, மணல்தூள் கலந்த அட்டைகள் ஏறத்தாழ ஐந்து கிலோ அழுத்தத்தோடு கத்தியின் வாய்மேல் முன்னும் பின்னும் நகர்த்தப்படுகின்றன. அந்தத் தூளே கத்தியை மெல்ல மழுங்கச் செய்யும். முதல் மூன்று முறையில் எவ்வளவு ஆழம் அறுந்ததோ அது கூர்மையின் அளவு. அறுபது முறையும் முடிந்தபின் வரும் மொத்த ஆழம், கூர் எவ்வளவு நின்றது என்பதன் அளவு.

நாம் தொடக்கத்தில் பிரித்துப் பார்த்த இரண்டும் இங்கே இரண்டு எண்களாகிவிட்டன. நம் பெருவிரல் அறிவது முதல் மூன்று வெட்டை மட்டும். காசு கொடுப்பதோ அறுபதாவது வெட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் எண்ணும் முழு விடையாகாது. சோலிங்கன் பாணிச் சமையற் கத்தியின் கடினம் பொதுவாக ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும். அவற்றின் விளிம்பும் மெல்லியது. அட்டை அறுக்கும் சோதனையில் ஜப்பானியக் கத்தி முந்துவதில் வியப்பில்லை. அதே கத்தியால் கோழி எலும்பை வெட்டினால் வாய் சில்லுவிடும். மீனை மெல்லிய துண்டமாக்குபவருக்கு ஒன்று நல்லது. காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் ஒரே கத்தியை எடுப்பவருக்கு மற்றது நல்லது. அதனால்தான் தரவிதியின் வேறு பகுதிகள் துரு, வளைவு, பிடியின் உறுதி ஆகியவற்றைத் தனியே சோதிக்கச் சொல்கின்றன.

நேயர்களே, அடுத்த முறை கத்தி வாங்கும்போது ஊர்ப் பெயரைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிக் கைமாறியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுக்களையில் எதை வெட்டப்போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய கத்தியை ஒரே வேலைக்கு ஒரு மாதம் பயன்படுத்திப் பழைய கத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீட்டுக்கல்லில் நான்கு இழுப்பில் கூர் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். லண்டனில் ஸ்டோடார்ட் செய்ததும் தோட்டத்தில் நம் பாட்டி செய்ததும் இந்தச் சோதனைதான். ஒருவர் அதை விளம்பர அட்டையில் அச்சிட்டார். மற்றவர் விடியற்காலையில் விளக்கொளியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார்.